ஆய்க்குடியில் ஒரு மதியம்

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில், மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்குப் போனோம். அரை மணி நேரம் என்று நினைத்துப் போனது, மதியம் முழுக்க அங்கேயே கழிந்தது.

சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் ஐயாவின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1975இல் பொறியியல் மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போன இடத்தில் விழுந்து தண்டுவடத்தில் அடி. கழுத்துக்குக் கீழே உடல் அசையவில்லை. ஊருக்குத் திரும்பியவர் 1981இல் ஐந்து பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். அதுவும் ஓலைக் கொட்டகையில்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். அமர் என்றால் ஏதோ சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன். இல்லையாம். தனக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்திருக்கிறார். தன் பெயரை வைத்துக்கொள்ள எல்லா உரிமையும் உள்ளவர்!

1992இல் தசைச் சிதைவு நோயுள்ள சங்கரராமன் என்ற ஆடிட்டர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் சக்கர நாற்காலிதான். 2020 பத்மஸ்ரீ பட்டியலில் ராமகிருஷ்ணன் பெயர் வந்தது. சரி, ரொம்பத் தாமதம்.

கிளம்பும்போது காலில் காலிபர் (நடக்க உதவும் தாங்கி) போட்ட ஒரு பையன், "அண்ணே, அடுத்த தடவை பந்து வாங்கிட்டு வாங்க" என்றான். வாங்கி வைத்துவிட்டேன்.