பாம்பன் தீவு அரணை நாட்குறிப்பு

ஜனவரி 9, தனுஷ்கோடி சாலை ஓரம்

காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை. வாடை தணிந்து வெயில் ஏறியதும் அரணைகள் வெளியே வருகின்றன. அடம்புக்கொடி படர்ந்த மணல்மேட்டின் விளிம்பு, இராவணன் மீசைப் புதரின் அடி, விழுந்து கிடக்கும் காவோலையின் கீழ்: இந்த மூன்று இடங்களும் முக்கியம். மணல் சுடத் தொடங்கினால் எல்லாம் நிழலுக்குப் போய்விடும். அதன்பின் அலைவது வீண்.

ஓலையைப் புரட்டும்போது நமக்கு அப்பாலுள்ள விளிம்பை ஒரு கோலால் கொக்கிபோட்டு, நம் பக்கமாகத் தூக்க வேண்டும். அடியில் சுருட்டை விரியன் இருந்தால் ஓலை நமக்கும் அதற்கும் நடுவே நிற்கும். பார்த்து முடித்ததும் ஓலையைக் கிடந்தபடியே கிடத்திவிட வேண்டும். அதன் அடியிலுள்ள ஈரம்தான் அங்கே வாழும் பூச்சிக்கும் அரணைக்கும் வீடு.

ஜனவரி 10

இந்தக் கரையில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அரணை இனங்கள் நான்கு. அவற்றில் ஒன்றைச் சட்டென்று ஒதுக்கிவிடலாம்: ரியோபா பங்க்டேட்டா. வழவழப்பான செதில், நீண்ட உடல், குட்டைக் கால்கள். முன்காலைப் பின்னோக்கியும் பின்காலை முன்னோக்கியும் உடலோடு சேர்த்துப் பிடித்தால் இரண்டும் தொடாது. குஞ்சுகளுக்கு வால் சிவப்பு. தென்மாவட்டங்களில் பாம்புராணி என்ற பெயர் எல்லா அரணைக்கும் வழங்கினாலும், அந்தப் பெயருக்கு மிகப் பொருத்தமானது இதுதான்.

மற்ற மூன்றும் யூட்ரோபிஸ் பேரினம்: கேரினேட்டா, மேக்குலேரியா, பிப்ரோனி. குழப்பமெல்லாம் இவற்றுக்குள்தான்.

ஜனவரி 13, அரிச்சல்முனைக்கு முன்

இன்று முழுக்க இமை. மூன்றையும் பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது கீழ் இமையைத்தான். கேரினேட்டாவுக்கும் மேக்குலேரியாவுக்கும் கீழ் இமை முழுவதும் சிறு செதில்கள். பிப்ரோனிக்கு இமையின் நடுவில் ஒளி ஊடுருவும் ஒற்றைத் தகடு. சன்னல் கண்ணாடி போல. கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ளே போகும். மணல் பறக்கும் கடற்கரையில் வாழும் பிராணிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, கண்ணைத் திறக்க முடியாத காற்றில் இங்கே நின்றால் புரிந்துகொள்ளலாம்.

இதைப் பார்ப்பதில் உள்ள சிக்கல்: கண் திறந்திருக்கும்போது கீழ் இமை மடிந்து கீழே போய்விடும். என்ன இனம் என்று கேட்டு எனக்கு அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவை அகலத் திறந்த கண்ணுடன் அழகாக இருக்கும். இனம் பிரிக்க உதவாது. அதனால் ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம் எடுக்க வேண்டும், அல்லது வீடியோ. வெயில் காயும் அரணை இடையிடையே இமைக்கும். அந்த ஒரு நொடிதான் வேண்டும். ஃபிளாஷ் போட்டால் ஈரமான விழியின் பளபளப்பையே தகடு என்று எண்ணிவிடுவோம். பக்கவாட்டு வெயில் போதும்.

ஜனவரி 14

தூறல். ஒன்றும் வெளியே வரவில்லை.

ஜனவரி 18, மண்டபம்

அடுத்தது முதுகுச் செதில். ஒவ்வொரு செதிலிலும் நீளவாக்கில் வயல் வரப்பு போல மெல்லிய மேடுகள் ஓடும். கேரினேட்டாவுக்குப் பெரும்பாலும் மூன்று, சிலவற்றுக்கு ஐந்து வரை. மேக்குலேரியாவுக்கு ஐந்து முதல் ஏழு. பிப்ரோனிக்கு வழக்கமாக ஐந்து, நன்றாக எழும்பியவை. எண்ண வேண்டியது நடு முதுகில்; கழுத்தில் அல்ல. குஞ்சுகளில் வரப்பு மங்கல். நண்பகல் வெயில் நேர்மேலாக விழுந்தால் வரப்பே தெரியாது. காலைச் சாய்வெயிலில் ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும்.

உடலைச் சுற்றிய செதில் வரிசையை முன்கால் அக்குளுக்கும் பின்கால் தொடைக்கும் சரிபாதியில், வயிற்றையும் சேர்த்து ஒரே சுற்றாக எண்ண வேண்டும். கேரினேட்டா 30 முதல் 34. மேக்குலேரியாவும் பிப்ரோனியும் 30-ஐ ஒட்டியே, அதற்குச் சற்றுக் குறைவாகவும். ஆகவே 30 என்று வந்தால் அந்த எண் எதையும் முடிவு செய்யாது; மறுபடி இமைக்குப் போக வேண்டியதுதான். எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதே நான் அதிகம் பார்க்கும் பிழை.

நீளம் அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து எச்சத்துளை வரை மட்டும். வாலைச் சேர்க்கக் கூடாது. அரணை வாலை உதிர்க்கும், மறுபடி வளர்க்கும். வளர்ந்த வால் குட்டையாகவும் ஒரே நிறமாகவும் இருக்கும். கேரினேட்டா 12 செ.மீ. வரை வளரும், பிப்ரோனி 5 செ.மீ. அளவே. இதிலும் ஒரு பொறி: பாதி வளர்ந்த கேரினேட்டாவும் முழுதாக வளர்ந்த பிப்ரோனியும் ஒரே அளவு.

படத்தில் அளவுக்கு நாணயம் வைக்கிறார்கள். ஒரு ரூபாய் நாணயத்தில் 25 மி.மீ. விட்டமும் உண்டு, 22 மி.மீ. விட்டமும் உண்டு. எது என்று தெரியாமல் அளந்தால் எல்லாம் தப்பு. பிளாஸ்டிக் ஸ்கேல் வையுங்கள்.

ஜனவரி 25

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு படம். விலாவில் செம்மஞ்சள் படர்ந்த பெரிய அரணை. “தீவுக்கு மட்டுமே உரிய புது இனமா?” என்ற கேள்வியோடு வந்தது. மூன்று வரப்பு, செதில் மூடிய இமை: கேரினேட்டாவின் ஆண். இணைசேரும் காலத்தில் அந்த நிறம் ஏறும், பிறகு இறங்கும். அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிய மாதிரியில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மறைந்துவிடும் என்பதால்தான் உயிரோடிருக்கும்போது எடுத்த படத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஆனால் நிறத்தை வைத்து மட்டும் பெயர் சொல்லக் கூடாது.

படத்தோடு வந்த இன்னொரு கேள்வி: கடித்தால் ஆபத்தா? இல்லை. எந்த அரணைக்கும் நஞ்சு கிடையாது. ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற சொல்லுக்காக இந்தக் கரையில் அடிபட்டுச் செத்த அரணைகள் ஏராளம், நெஞ்சு வலிக்கிறது.

பிப்ரவரி 1

பழைய நூல்களில் தேடுபவர்களுக்கு: இந்திய ஊர்வன பற்றிய மால்கம் ஸ்மித்தின் 1935 தொகுதியில் இந்த மூன்றும் மபூயா என்ற பேரினத்தில் இருக்கும். 2002-ல் அந்தப் பெரிய பேரினம் உடைந்தது. மபூயா அமெரிக்க இனங்களுக்குப் போக, ஆசியாவுக்கு 1843-ல் வைத்த யூட்ரோபிஸ் திரும்பியது. பெயர் மாறினாலும் ஸ்மித்தின் செதில் விவரிப்பு இன்றும் பயன்படும். கேரினேட்டாவை ஷ்னைடர் 1801-லும், பிப்ரோனியை கிரே 1838-லும், மேக்குலேரியாவை பிளித் 1853-லும் விவரித்தார்கள்.

பிப்ரவரி 8, குந்துகால்

எதிரே குருசடைத் தீவு தெரிகிறது. தீவில் இருப்பதாலேயே ஓர் அரணை தனி இனம் ஆகிவிடாது. கடைசிப் பனியுகத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அன்று நடக்கும் தரை. தீவும் கரையும் இலங்கையும் ஒரே நிலம். பிரிந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின. அதன்பிறகும் விறகு, பனையோலை, கட்டுமான மணல் என்று தோணியிலும், 1988-ல் சாலைப் பாலம் திறந்தபின் லாரியிலும் முட்டையும் குஞ்சும் போய்வர வழி உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரியிலுள்ள பர்குடா தீவில் கிடைத்த காலில்லா அரணைக்கு விலங்கியலாளர் அனண்டேல் 1917-ல் பர்குடியா இன்சுலாரிஸ் என்று தீவின் பெயரையே வைத்தார். அதன் உடலமைப்பே வேறு. இங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை.

வேறுபாடு உண்மையா என்று அறிய, தீவிலும் எதிர்க்கரை மண்டபத்திலும் ஆணும் பெண்ணுமாகப் பல உயிர்களை ஒரே முறையில் அளக்க வேண்டும். ஒற்றை அரணையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மரபணுவுக்கான திசுவை ஃபார்மலின் படும் முன்பே எடுத்து 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும்; ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். இவை அனுமதி பெற்ற ஆய்வாளர் வேலை. குருசடை உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி இறங்கக் கூடாது. பாம்பன் தீவில் சாலையோரமே பார்க்க வேண்டியது ஏராளம் இருக்கிறது.

பிப்ரவரி 9

படம் அனுப்புவோர் சேர்க்க வேண்டியவை: தலை மேலிருந்து, தலை பக்கத்திலிருந்து இமை மூடிய நிலையில், நடு முதுகு நெருக்கத்தில், முழு உடல் ஸ்கேலுடன். தேதி, மணி, ஜி.பி.எஸ். புள்ளி, மணலா காவோலையா முருகைக்கல் சுவரா என்பது. வால் ஒடிந்ததா, முளைத்ததா என்பதையும் எழுதுங்கள். வண்டியில் அடிபட்டுக் கிடப்பதையும் விடாதீர்கள். அது அசையாமல் கிடப்பதால் வயிற்றுச் செதிலைக்கூட நிதானமாகப் படம் எடுக்கலாம். எடுத்தபின் அங்கேயே விட்டுவிடுங்கள்.