கூடைக்குள் குழாய்: நாலு மாதம், இரண்டு காந்தம்

கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டில், பறந்துகொண்டே எண்ணெய் எடுப்பதற்காக, நேற்று இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் தடவையாக என் ஹோர்னெட் போர் விமானத்தின் குழாய், எண்ணெய் கொடுக்கும் டாங்கர் விமானத்தின் பின்னால் தொங்கும் கூடைக்குள் போய் நின்றது. உரசின கணக்கைச் சேர்த்தால் நூறு தாண்டும். செருகி ஒரு நொடியில் கழன்றது ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். நின்றது இதுதான் முதல். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிய வேலை, இப்போது வைகாசி.

நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன்: விளையாட்டு டிசிஎஸ், என் ஹோர்னெட் எப்/ஏ-18சி, முன்னால் டாங்கர் எஸ்-3பி, 15,000 அடி, பகல், காற்று பூச்சியம். காற்றைப் பூச்சியத்தில் வைத்ததற்குச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எப்-16 ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் சிரிக்க உரிமை இல்லை. அவர்கள் டாங்கருக்குக் கீழே ஆடாமல் நின்றால் போதும், மேலே இருப்பவர் பூம் என்கிற நீட்டுக் குழாயைக் கொண்டுவந்து செருகிவிடுவார். ஹோர்னெட்காரன் தானே தேடிப் போய்ச் செருக வேண்டும். இந்தக் குழாய்–கூடை முறை 1949இல் பிரித்தானியாவில் வந்தது. அந்த ஆண்டே ஒரு மீற்றியர் ஜெற் இதை வைத்துக்கொண்டு 12 மணித்தியாலத்துக்கு மேல் தரையிறங்காமல் பறந்தது. அந்த விமானி எத்தனை தடவை செருகினாரோ, நினைத்தாலே எனக்குத் தோள் நோகிறது.

மூன்று மாதம் நான் என் கையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடைக்குப் பத்து அடி தூரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போகும். அப்புறம் மூக்கு மேலே ஒரு துள்ளல், அதைப் பிடிக்கக் கீழே ஒரு துள்ளல், அதைப் பிடிக்க மேலே. ஊஞ்சல்தான். பக்கத்தில் இருந்து பார்த்த மருமகன் ஒரு நாள் கேட்டான்: "மாமா, உங்களுக்குக் கை நடுங்குதோ?" முப்பத்தெட்டு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஸ்டிக்கில் கையே வைக்காமல் விண்டோசின் ஜொய்ஸ்டிக் சோதனைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாரும் தொடாத ஸ்டிக்கின் கூட்டல் குறி தானாகவே மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. கையைக் குற்றம் சொன்னது வீண்பழி.

இந்த ஸ்டிக் மச்சான் கனடாவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டு வந்தது. அங்கே அவர் பாவித்தது சில வருடம், இங்கே நான் பாவித்தது ஆறு வருடம். உள்ளே பழைய பொட்தான், அதாவது கரித்தடத்தில் ஒரு முள் உரசி ஸ்டிக் எங்கே நிற்கிறது என்று சொல்லும் பொடென்சியோமீற்றர். கரித்தடத்தில் நடுப்பகுதி தேய்ந்து பளபளக்கிறது, ஏனென்றால் ஸ்டிக் முக்கால்வாசி நேரம் நிற்பதே அந்த நடுவில்தான். கொன்டாக்ட் கிளீனர் அடித்தேன். இரண்டு கிழமை நன்றாக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான்.

துடிப்பு விமானத்தில் தெரியாமல் இருக்க எப்போதோ டெட்சோனை, அதாவது நடுவில் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத வேலியை, ஆறு சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு மறந்திருந்தேன். சாதாரணமாகப் பறக்க அது பரவாயில்லை. எண்ணெய் எடுக்கும்போது நமக்கு வேண்டியதெல்லாம் நடுவிலிருந்து ஒன்றிரண்டு சதவீத அசைவு, டெட்சோன் விழுங்குவதோ அந்த ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான். கையை அசைக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அசைக்கிறேன், வேலியைத் தாண்டினதும் மூக்கு எழும்புகிறது. ஊஞ்சலுக்குக் காரணம் இதுதான். கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்கிற வளைவை 15 வைப்பதா 20 வைப்பதா என்று ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண்.

சரி, பொட்டைத் தூக்கிவிட்டு, காந்தப் புலத்தை அளந்து வோல்ட்டாகச் சொல்லும் ஹோல் சென்சர் போடுவது என்று முடிவு. எஸ்எஸ்49ஈ, மூன்று கால், மலிவு. 5 வோல்ட் கொடுத்தால் காந்தம் இல்லாதபோது 2.5 வோல்ட் அளவில் நிற்கும், ஒரு துருவத்துக்கு ஏறும், மற்றதற்கு இறங்கும். உராய்கிற எதுவும் இல்லை, ஆகவே தேயாது.

சாமான் எடுத்த கதை தனி. சென்சரின் வோல்ட்டை வாசித்துக் கணினிக்குச் சொல்ல ஒரு சின்னச் சுற்றுப் பலகை வேண்டும். டவுணில் ஒரு கடையில் ஆர்டுயினோ புரோ மைக்ரோ கேட்டேன். "ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" என்று நானோவைத் தந்தார்கள். ஒன்றில்லை. புரோ மைக்ரோவின் சிப் தானே யூஎஸ்பி பேசும், விண்டோசுக்கு ஜொய்ஸ்டிக் மாதிரித் தன்னைக் காட்டும். நானோவால் அது முடியாது. கடைசியில் கொழும்பில் வேலை செய்கிற நண்பன் முதலாம் குறுக்குத் தெருவில் தேடி எடுத்து இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டான். விடிய ஐந்தரைக்குப் போய் பஸ்காரரிடம் வாங்கினேன். ஒரு தீப்பெட்டி அளவுப் பொதிக்கு அந்த மனிசன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இனிக் காந்தம். இதில்தான் மூன்று கிழமை போனது.

ஒற்றைக் காந்தத்தை அச்சில் ஒட்டிச் சென்சரை எதிரே வைத்தால் வேலை செய்யும், ஆனால் அசைவு சீராக வராது: கிட்ட வரும்போது ஒரேயடியாக ஏறும், விலகினால் சோம்பும். சரியான வழி, இரண்டு காந்தத்தை எதிரெதிரே வைத்து நடுவில் சென்சரைச் சுழல விடுவது. இடையில் காந்தப் புலம் ஓரளவு சமமாக இருக்கும், சென்சர் திரும்பும் கோணத்துக்கு ஏற்ப வோல்ட் மாறும். 20 பாகை அளவுக்குள் அது கிட்டத்தட்ட நேர்கோடு.

பிடிப்புக்கு பிவிசி குழாயில் ஒரு வளையம் அறுத்து, வெந்நீரில் போட்டு இளக்கி, ப வடிவத்துக்கு வளைத்தேன். 10 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பான வட்டக் காந்தம் இரண்டு. அரல்டைட் பூசி இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டும் சுவரை விட்டுப் பாய்ந்து நடுவில் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கின்றன, அரல்டைட் நூல் நூலாகத் தொங்குகிறது. குறட்டால் பிரித்துத் துடைத்து, ஒன்றைத் திருப்பி ஒட்டினேன். இம்முறை சுவரோடு அப்படியே ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் சென்சரை நடுவில் வைத்துத் திருப்பினால் எண் அசையவே இல்லை. சென்சர் பழுது என்று இரண்டாவதைப் போட்டேன், மூன்றாவதையும் போட்டேன். பின்னேரம் ஆகித்தான் மூளையில் பட்டது: காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளினால்தானே சுவரோடு நிற்கும்? வடக்குக்கு வடக்கு எதிரே நின்றால் சரி நடுவில் இரண்டின் புலமும் வெட்டுப்பட்டுப் பூச்சியமாகிவிடும். இழுக்கிற மாதிரித்தான் வைக்க வேண்டும், ஒட்டுகிற நேரத்தில் மட்டும் அவை பாயாமல் தடுக்க வேண்டும். பிறகு மரக்குச்சி ஒன்றை அளவாகச் சீவி, பொலித்தீன் சுற்றி, நடுவில் முட்டுக் கொடுத்துக் காயவிட்டேன். பொலித்தீன் சுற்றாவிட்டால் குச்சியும் சேர்ந்து ஒட்டும். அதுவும் நடந்ததுதான்.

அடுத்தது இடைவெளி. முதல் பிடிப்பில் 20 மில்லிமீற்றர். ஸ்டிக்கை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளினால் ஆர்டுயினோ வோல்ட்டைப் பிரித்து வாசிக்கும் 1024 படியில் ஏறக்குறைய நூறு படிதான் கிடைத்தது. நூறு படியை வைத்துக்கொண்டு கூடைக்குள் போக முடியாது. பேராசையில் அடுத்ததை 7 மில்லிமீற்றரில் செய்தேன். நடுவில் பிரமாதம், ஆனால் ஸ்டிக் கடைசிக்குப் போகும் முன்பே எண் ஏறுவதை நிறுத்திவிட்டது, ஏனென்றால் சென்சர் தாங்கும் அளவை விடக் காந்தம் பலம். மூன்றாவது பிடிப்பு 9 மில்லிமீற்றர். நானூற்றுச் சொச்சம் படி, இரண்டு அந்தமும் உயிரோடு. ஆர்டுயினோவில் ஒவ்வொரு தடவையும் 16 முறை வாசித்துக் கூட்டிக் குறைத்து எடுக்கச் சொன்னேன், படிகள் இன்னும் நுணுக்கமாகின. அடிமட்டத்தில் இரண்டு மில்லிமீற்றர் என்பது கண்ணுக்குக்கூட ஒரு பொருட்டில்லை. அந்த இரண்டு மில்லிமீற்றருக்காக மூன்று பிடிப்பு, ஆறு காந்தம்.

வயர் விசயம் ஒன்று: சென்சர் ஸ்டிக்கோடு சேர்ந்து திரும்புவதால் தடித்த வயர் போட்டால் ஈயம் பற்றவைத்த இடத்தில் கால் முறியும். எனக்கு இரண்டாம் நாளே முறிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் பட்டை வயரில் மூன்று இழை உரித்துப் போட்டேன், இன்று வரை சுகம். சென்சரின் கால் அடியிலேயே ஒரு 0.1 மைக்ரோபாரட் கப்பாசிற்றர் வைத்தால் மிச்சச் சொச்சத் துடிப்பும் அடங்கும்.

இப்போது கையை எடுத்தால் கூட்டல் குறி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. டெட்சோன் பூச்சியம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் திரையில் அந்தச் சோதனைப் பெட்டியைக் காட்டினேன். பால் கொண்டுவந்தவருக்கும்.

இடையில் ஒரு கிழமை ஹோர்னெட்டை விட்டுவிட்டு, 2024இல் வந்த எப்-4ஈ பான்டம் விமானம் ஓட்டினேன். மலிவு விற்பனையில் வாங்கி வைத்தது. ஸ்டிக்கைச் சோதிக்க என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் ஆசை. பான்டத்தின் ஜே79 எஞ்சினின் ஊளைச் சத்தத்தை அவர்கள் அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்பீக்கரை நன்றாகத் திறந்துவிட்டேன். குசினிக்குள் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையில் அகப்பையோடு முற்றத்துக்குப் போய் மேலே பார்த்துவிட்டு வந்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது: போர்க்காலத்தில் எங்கள் மேல் குண்டு போட்ட விமானப்படையின் கிபிரில் இருந்ததும் இதே ஜே79. தொண்ணூறுகளில் பங்கருக்குள் இருந்துகொண்டு சத்தத்தை வைத்தே ஹெலியா, சகடையா, கிபிரா என்று சரியாகச் சொன்ன பெடியன்களில் நானும் ஒருவன், எனக்கே முதலில் பிடிபடவில்லை. "தம்பி, உதைக் காதுக்குள்ள போட்டுக் கேள்" என்றார் அம்மா. ஹெட்போன் வாங்கிவிட்டேன். பான்டத்தை இரவில் மட்டும் ஓட்டுகிறேன்.

திரும்ப டாங்கருக்கு வந்தால், புது ஸ்டிக்கோடும் முதல் இரண்டு நாள் தோல்விதான். ஊஞ்சல் நின்றுவிட்டது, ஆனால் கூடைக்குப் பக்கத்தில் போய்ப் பக்கவாட்டில் அலைந்தேன். கூடையைப் பார்க்காதே, டாங்கரைப் பார் என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். மருமகன்தான் பிடித்தான்: "மாமா, உங்கட கண் கூடையிலதான் நிக்குது." வெப்கேம் வைத்து ஓப்பன்ட்ராக்கில் தலையைப் பின்தொடர விட்டிருப்பதால் என் தலை எங்கே திரும்புகிறது என்பது திரையிலேயே அவனுக்குத் தெரிகிறது. தப்ப முடியாது. எண்ணெய் எடுக்கும் நேரம் அதை நிறுத்திவிட்டேன். எஸ்-3பியின் இடது எஞ்சின் கண்ணாடிச் சட்டத்தில் எந்த இடத்தில் வரவேண்டும் என்று மட்டும் பார்த்தேன், கூடையை ஓரக்கண்ணில் விட்டேன். டாங்கரை விட இரண்டு மூன்று நொட் கூட, அவ்வளவுதான். த்ரொட்டிலைத் தள்ளினால் எஞ்சின் யோசித்துத்தான் பதில் சொல்லும், ஆகவே வேண்டும் என்று தோன்றும் முன்பே தள்ளி, போதும் என்று தோன்றும் முன்பே இழுக்க வேண்டும்.

நேற்று அப்படித்தான் போனது. 3,100 இறாத்தல் எண்ணெயோடு செருகினேன். எண் ஏறத் தொடங்கியதும் மூச்சு விடப் பயமாக இருந்தது. 5,400இல் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது, காற்றாடி நின்றது, வேர்வை கண்ணுக்குள் போகிறது, கையை எடுக்க முடியாது. மருமகன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சத்தமாக வாசித்தான். 7,900 வரை வாசித்தான். அதற்கு மேல் யூபிஎஸ்ஸும் போய்விட்டது.

சொல்ல மறந்தது: இவ்வளவும் முன்–பின் அச்சுக்கு மட்டும்தான். இட–வல அச்சு இன்னும் பழைய பொட்டில், ஸ்டிக்கின் பழைய சுற்றுப் பலகையில் ஓடுகிறது. விண்டோசுக்கு என் மேசையில் இப்போது இரண்டு ஜொய்ஸ்டிக். அதை முடிக்காமலே மனம் காலால் மிதிக்கும் ரடர் பெடலுக்குப் போய்விட்டது. பழைய லுமாலா சைக்கிளின் பெடல் அச்சும் அதன் குண்டுப் பெயரிங்கும் நடுவில் சுழல்வதற்கு அளவான சாமான், பழைய இரும்புக் கடையில் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். யூபிஎஸ் பற்றறியும் மாற்ற வேண்டும், அது பெடலை விட விலை.

இட–வல அச்சுக்கான சோடி காந்தம் இப்போது மேசையில் காய்கிறது. இடையில் குச்சி, குச்சியில் பொலித்தீன். இம்முறை ஒட்டும் முன்பே வடக்கு எது, தெற்கு எது என்று பேனையால் எழுதிவிட்டேன்.