ஏத்திடலாம் சார்

ஒரு கட்டடத்தின் கான்கிரீட்டில் சிமென்ட்டை ஏற்றிய இந்தக் கதையைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பி.எம். (புராஜெக்ட் மேனேஜர்) நெருக்கினார், நான் பணிந்தேன் என்றுதான் முடியும். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். அவரவர் சைட்டில் அவரவருக்கு ஒரு பி.எம். உண்டே. போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது அன்றைய பேச்சை வரிவரியாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சிமென்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. எடுத்தது நான்.

கியூப், அதாவது பலம் பார்க்க உடைக்கும் கான்கிரீட் கட்டி, அதன் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்30, அதாவது 28-ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் பலம் தர வேண்டிய கான்கிரீட். கன மீட்டருக்கு 380 கிலோ பைண்டர் (ஒட்டும் தூள்); பாதி ஓபிசி என்ற சாதாரண சிமென்ட், பாதி ஸ்லாக் என்ற இரும்பாலைக் கசடுத் தூள். பசுமைச் சான்று வாங்க வேண்டும் என்று ஓனர் தரப்பில் கேட்டதால் வந்த மிக்ஸ் அது. அதை டிசைன் செய்தவர்களில் நானும் ஒருவன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. ஏழாம் நாள் கியூப் 21 நியூட்டன் காட்டினால் ஸ்லாபைத் தாங்கும் முட்டுகளில் ஒரு செட்டைக் கழற்றி மேல்மாடிக்கு அனுப்பலாம் என்று ஸ்ட்ரக்சுரல் டிசைனரிடம் பேசி வைத்திருந்தோம். வெயிலில் போட்ட முதல் நான்கு ஸ்லாபும் 22, 23 என்று தப்பித்துவிட்டன. ஐந்தாவது நவம்பரில் வந்து மாட்டியது. விடாத மழை, கியூப் டேங்கில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். ஸ்லாகுக்குக் குளிர் ஆகாது. வேலை செய்யும், ஆனால் சாவகாசமாகத்தான் செய்யும். ஏழாம் நாள் மூன்று கியூபை மிஷினில் வைத்தோம். முள் 440 கிலோநியூட்டன் பக்கத்தில் போய் நின்று பின்வாங்கியது. கியூபின் பரப்பால் வகுத்தால் சராசரி 19.4.

மேஸ்திரி அங்கேதான் நின்றார். உடைந்த கியூபைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். ஸ்லாக் கான்கிரீட்டை உடைத்தால் அப்படித்தான் இருக்கும். அதிலிருக்கும் சல்பைடின் வேலை. காற்றுப் பட்டால் ஒன்றிரண்டு நாளில் வழக்கமான சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. இன்னும் வேகலையோ?" என்றார். நான் சல்பைடு பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "அதெல்லாம் சரி, முட்டைப் பிரிக்கலாமா வேணாமா?" என்றார்.

அங்கிருந்துதான் பி.எம். அறைக்குப் போனேன். டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன வந்துச்சு?"

"19.4 சார்."

"21 வேணுமே."

"ஆமா சார்."

"அப்போ?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. குரல் உயரவில்லை, போனிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. அந்த "அப்போ"வுக்கு நான் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். ஏழாம் நாள் ரிசல்ட் ஒரு முன்னறிவிப்புதான், கான்கிரீட்டை ஏற்பதும் மறுப்பதும் 28-ஆம் நாள் பலத்தை வைத்து மட்டுமே என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456-லேயே இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். மழை முடியும்வரை மூன்றாவதாக ஒரு செட் முட்டு வாடகைக்கு எடுப்போம் என்றிருக்கலாம். முதல் ஸ்லாபின் 28 நாள் ரிசல்ட் 42 என் மேஜையிலேயே கிடந்தது; எடுத்து வந்து நீட்டியிருக்கலாம். ஒன்றுமே தெரியாது என்றாவது நின்றிருக்கலாம்.

"சிமென்ட்டை ஏத்திடலாம் சார்" என்றேன்.

"எவ்வளவு?"

"70 கிலோ. ஸ்லாகைக் குறைச்சுக்கலாம்."

"சரி, பிளாண்டுக்குச் சொல்லிடு."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதில் நெருக்கடி எங்கே இருக்கிறது என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை. அவர் மனதில் நிச்சயம் இருந்திருக்கும், நான் முந்திக்கொண்டேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பக்க நியாயமும் இல்லாமல் இல்லை. ஒரு ஸ்லாபுக்கு மூன்று நாள் தாமதம் என்றால் மிச்சமிருந்த ஒன்பது ஸ்லாபுக்கு 27 நாள். ஒடிசாவிலிருந்து வந்த சென்ட்ரிங் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சாப்பாடும் பேட்டாவும் போக வேண்டும். முட்டு வாடகை மாதாமாதம் பில்லாக வந்து மேஜையில் விழும். கூடுதல் சிமென்ட் கான்கிரீட் ரேட்டுக்குள் கரைந்துவிடும், யார் கண்ணிலும் படாது. பலகையைச் சீக்கிரம் பிரித்து ஸ்லாப் தொங்கினால் யார் பதில் சொல்வது? சிமென்ட்டை ஏற்றியதற்காக எந்த இன்ஜினியரும் வேலை இழந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஒன்று. நான் சிமென்ட்டை ஏற்றியதால் அந்த ஐந்தாவது ஸ்லாபுக்கு ஒரு பயனும் இல்லை, அது ஏற்கனவே போட்ட கான்கிரீட். அதற்காகக் காத்துத்தான் இருந்தோம். கூடுதலாக எடுத்து வைத்திருந்த கியூபைப் பத்தாம் நாள் உடைத்தோம், 22.8. முட்டைக் கழற்றினோம். மூன்று நாள் போனது, வானம் இடிந்து விழவில்லை. 28-ஆம் நாள் அதே கான்கிரீட் 41 காட்டியது.

சிமென்ட்டை ஏற்றியதைவிட அந்த 41 வந்த நாள்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பழைய மிக்ஸுக்கே திரும்பலாம் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பயம் என்ற சாக்கும் அப்போது இல்லை, பேப்பர் கையிலேயே இருந்தது. நான் ஃபைலில் குத்தி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். ஓடுகிற மிக்ஸில் எதற்குக் கை வைப்பது என்று நினைத்திருப்பேன். பிப்ரவரி வந்தது, மார்ச் வந்தது, வெயில் கொளுத்தியது. பழைய மிக்ஸே அப்போது ஏழு நாளில் 23 தந்திருக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. புது மிக்ஸ் 28 நாளில் 47, 48 என்று வந்தது. எம்30 கேட்ட இடத்தில் எம்40 ஊற்றிக்கொண்டிருந்தோம். ஓனர் தரப்பு கன்சல்டன்ட் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு "குவாலிட்டி சூப்பர்" என்று என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன்.

கணக்குப் போடக் கூடாது என்று இருந்தேன், போட்டுவிட்டேன். ஸ்லாபுக்கு 110 கன மீட்டர், கன மீட்டருக்கு 70 கிலோ, ஒன்பது ஸ்லாப்: 69 டன். மூட்டைக் கணக்கில் ஏறத்தாழ 1,400. ஒரு டன் ஓபிசிக்குச் சுமார் 850 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 60 டன்னுக்குப் பக்கம். இதில் பாதிக்கு மேல் எரிபொருள் புகையே அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளியேறியே தீரும், சூளையை எதைப் போட்டு எரித்தாலும். அப்படிச் சுட்டெடுக்கும் கிளிங்கரை, அதாவது அரைத்தால் சிமென்ட்டாகும் கட்டியை, குறைப்பதைத் தவிர எங்களைப் போன்றவர்கள் கையில் வேறு பெரிய வழி இல்லை. அந்த ஒன்றைத்தான் நான் இரண்டு நிமிடத்தில் விட்டுக்கொடுத்தேன்.

இதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறேன். இரும்பாலைகளிலிருந்து வரும் ஸ்லாகில் பெரும்பகுதி எப்படியும் யாராவது ஒருவர் கான்கிரீட்டுக்குள் போய்விடுகிறது. நான் விட்ட ஸ்லாக் வேறு ஒரு சைட்டுக்குப் போயிருக்கும், உலகக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. இந்த வாதம் உண்மையும்கூட. ஸ்லாகும் அனல் மின்நிலையச் சாம்பலும் போதாது என்பதால்தான் களிமண்ணைச் சுமார் 800 டிகிரியில் சுட்டு, சுண்ணாம்புக்கல் தூளோடு கலக்கும் எல்சி3 சிமென்ட் வந்தது. ஐஐடி மெட்ராஸிலும் அதில் நிறைய வேலை நடந்திருக்கிறது, 2023-இல் ஐஎஸ் 18189 என்று தரநிலையும் வந்துவிட்டது. கிளிங்கர் பாதியாகிவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் எந்தச் சிமென்ட் வந்தாலும் ஏழாம் நாள் வரும், யாராவது "அப்போ?" என்று கேட்பார்கள். அந்த இடத்துக்கு எந்த ஐஐடியும் மிக்ஸ் டிசைன் தரமுடியாது. அப்புறம், என் வாதம் அவ்வளவு உண்மை என்றால் முதலில் அந்த மிக்ஸைப் பார்த்து நான் ஏன் கர்வப்பட்டேன் என்பதற்கும் பதில் இல்லை.

சான்றுக்கான ஃபைலில் எந்த மிக்ஸ் போனது என்று நான் கேட்கவில்லை. பழையதுதான் போயிருக்க வேண்டும். கேட் வாசலில் இலை படம் போட்ட பலகை கடைசிவரை இருந்தது.

சரி, போன மாதம் ஏன் தூக்கம் கெட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது இருக்கும் சைட்டில் லேபைப் பார்த்துக்கொள்ளும் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் ரிசல்ட் ஷீட்டோடு வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். 40 சதவீத ஸ்லாக், ஏழாம் நாள், 1 நியூட்டன் குறைவு. நான் ஒரு பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ?" என்றேன்.

என் காதில் அது அப்போது விழவில்லை. ராத்திரிதான் விழுந்தது. அவள் கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சிமென்ட் கொஞ்சம் ஏத்திடலாமா சார்?" என்றாள்.

எவ்வளவு என்று கேட்டேன்.

"30 போதும் சார்."