சுருட்டை என்று நினைத்த பூனைப்பாம்பு

மாமன் தோட்டம் அரச்சலூர்ப் பக்கம். மேற்கு வேலியை ஒட்டி ஒரு கரடு. அதில் 40 அடிக்கு ஒரே பாறை நிமிர்ந்து நிற்கும். ஞாயிறானால் கயிறு, இடுப்பில் மாட்டும் ஹார்னஸ், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடரோடு நானும் மச்சானும் அங்கே ஏறப் போய்விடுவோம்.

போன ஐப்பசியில், மழைக்கு மறுநாள், ஒரு வெடிப்புக்குள் கைவிடப் போனேன். உள்ளே சுருண்டு கிடந்தது. பழுப்பு உடம்பு, முதுகில் வெளிறிய திட்டுகள், பெரிய கண். சட்டென்று கொத்த வந்தது. எட்டவில்லை. “சுருட்டை! சுருட்டை!” என்று கத்தினேன். சுருட்டை என்பது ஆளைக் கொல்லும் விஷமுள்ள விரியன். மச்சான் கயிறு விட்டு என்னை இறக்கினான். அதற்குள் தோட்டத்தில் வேலை செய்கிற அண்ணன் தடியோடு ஓடி வந்தார். “உட்ராதீங்க தம்பி, குட்டி குருமான் நடமாடற எடம்” என்று பக்கத்துப் பாறைத் திட்டு வழியாக ஏறினார். இரண்டே அடியில் அது செத்துவிட்டது.

கீழே போட்டுக் குச்சியால் புரட்டிப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. இரண்டரை அடி நீளம், விரல் தடிமன்தான். கழுத்து ஒடிந்துவிடும்போல மெலிசு. வால் சாட்டை நுனி மாதிரி நீண்டிருந்தது. செதில்கள் வழுவழுவென்று வெயிலில் மின்னின. பூனைப்பாம்பு. ஓணான், பல்லி பிடித்துத் தின்கிற பிராணி. லேசான விஷம் உண்டு, ஆளைக் கொல்லாது. அவர் நான் சொன்னதை நம்பித்தான் அடித்தார். கொன்றது என் வாய்.

திருச்செங்கோட்டு மலைப்படியில் 60 அடி நீளத்துக்குச் செதுக்கிய நாகருக்கு அப்பத்தா குங்குமம் வைக்கும்போது, சின்ன வயதில், அதன் செதில்களை விரலால் தடவியிருக்கிறேன். நிஜப் பாம்பின் செதிலை அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் கவனித்தேன், அதுவும் செத்த பிறகு.

நிஜச் சுருட்டையைத் தை மாதம் பார்த்தேன். பாறை உச்சியில் கயிறு கட்டப் போன இடத்தில், ஒரு பலகைக்கல் ஓரம். ஒரு அடிகூட இல்லை, ஆனால் கட்டையான உடம்பு, குட்டை வால். உடம்பை வளைத்து வளைத்து வைத்துக்கொண்டு மடிப்புகளை ஒன்றோடொன்று உரசியது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம், விடாமல். அதன் செதில்கள் அரம் மாதிரி சொரசொரப்பு, அதனால்தான் அந்தச் சத்தம். மினுமினுப்பே இல்லை. தலையில் கோழிக்கால் தடம் போல வெள்ளைக் குறி. பூனைப்பாம்பின் தலையிலும் ஒரு குறி உண்டு, அதனால் குறியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சத்தம் வரவில்லை என்பதாலும் கிட்டே போகாதீர்கள். ஆறடி தள்ளி நின்று போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், போதும்.

அடிக்கிறவர்கள் சொல்லும் இன்னொரு காரணம், ‘கடித்தது எதுவென்று டாக்டருக்குக் காட்டணுமே’. வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் போடுகிறார்கள். சுருட்டை, கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டுபிடிக்க, கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். பாம்பைத் தேடிப் போகும் நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள்.

இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன் எங்களில் ஒருவர் பின்பக்கமாக மேலே போய், திட்டுகளை மூங்கில் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவைப்பதில்லை. இதனால் அரை மணி நேரம் கூடுதலாகிறது, ஆகட்டும்.

போன வாரம் காலை ஆறு மணிக்கு அந்த அண்ணன் கூப்பிட்டார். “மோட்டார் ரூம்புகிட்ட ஒண்ணு படுத்துருக்குங்க தம்பி. கண்ணாடி விரியனாட்டத் தெரியுது. அடிக்கலீங்க, படம் அனுப்பிருக்கேன், பாத்துச் சொல்லுங்க.” பார்த்தேன். திட்டுத் திட்டாக அதே நிறம்தான். ஆனால் கண் பொடிசு, வால் குட்டையாக முடிந்திருந்தது.

“மண்ணுளிங்கண்ணா.”

“அப்படிங்களா,” என்றார். அது வரப்புப் புழுதிக்குள் இறங்கி மறைகிற வரைக்கும் போனை வைக்காமல், இப்ப இங்க போகுது, இப்ப அங்க போகுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.