ஒரிஜினல் கான்ஸ்டிடியூஷன் பெண்கள் ஓட்ட தடுத்துச்சா? 10க்கு 3 மார்க் வாங்குன அனுபவம்

போன செமஸ்டர்ல அமெரிக்க அரசியலமைப்பு பேப்பர்ல 10 மார்க்குக்கு ஒரு கேள்வி, ஒரிஜினல் கான்ஸ்டிடியூஷன் பெண்கள் ஓட்டு போடுறத தடுத்துச்சா, விளக்குகன்னு. நான் கொஞ்சம்கூட யோசிக்கல, ஆமா தடுத்துச்சு, 1920ல 19வது திருத்தம் வந்துதான் உரிமை குடுத்தாங்கன்னு ரெண்டு பக்கம் ரொப்பிட்டு வந்துட்டேன். வந்தது 3 மார்க். நோட்ஸ மட்டும் நம்புனா இப்டித்தான்.

கடுப்புல மூல டெக்ஸ்ட்டயே எடுத்து உக்காந்தேன். 1787ல எழுதுனதுல ஆண்கள் மட்டும்தான் ஓட்டு போடணும்னு எங்கயுமே இல்லங்க! ஆர்ட்டிகிள் 1 செக்ஷன் 2 என்ன சொல்லுதுன்னா, மாநில சட்டசபையோட பெரிய அவைக்கு ஓட்டு போட எவனுக்கு எவளுக்கு தகுதி இருக்கோ அவங்களே பிரதிநிதிகள் சபைக்கும் போடலாம், அவ்ளோதான், மொத்தத்தையும் மாநிலங்க தலையில கட்டிட்டாங்க. மாநிலங்க பெரும்பாலும் சொத்து வச்சிருந்த ஆம்பளைங்களோட நிறுத்திக்கிச்சு.

இங்க நியூ ஜெர்சிய கண்டிப்பா எழுதுங்க. 1776ல அவங்க மாநில அரசியலமைப்பு 50 பவுண்டு சொத்து உள்ள "எல்லா குடியிருப்பாளர்களும்"னு சொன்னதால கல்யாணம் ஆகாத பொண்ணுங்க, விதவைங்கன்னு நிஜமாவே ஓட்டு போட்டாங்க (கல்யாணம் ஆனவங்க சொத்து புருஷன் கைக்குப் போயிரும், அதனால அவங்களுக்கு இல்ல). 1807ல அதயும் புடுங்கிட்டாங்க.

அப்புறம் பலரும் விடுற பாயிண்ட், "ஆண்"ங்கற வார்த்தையே கான்ஸ்டிடியூஷனுக்குள்ள மொதல்ல வந்தது 1868ல 14வது திருத்தத்துலதான். ஒரிஜினல்ல இல்லாதத பின்னாடி சேத்துருக்காங்க பாருங்க. குடியுரிமை பத்தியும் சொல்ற அதே திருத்தத்த வச்சே, நாங்களும் குடிமக்கள்தான, ஓட்டு போட விடுங்கன்னு வர்ஜீனியா மைனர்ங்கற பெண் கேஸ் போட்டாங்க, 1875ல சுப்ரீம் கோர்ட் குடிமக்கள்தான் ஆனா குடியுரிமைன்னா ஓட்டுரிமைன்னு அர்த்தம் இல்லன்னுடுச்சு. மைனர்ங்கறது ஆள் பேரு, வயசு இல்ல, என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அங்க மாட்டிக்கிட்டான்.

வயோமிங் (அப்போ மாநிலமா ஆகாத பிரதேசம்) 1869லயே பெண்களுக்கு ஓட்டுரிமை குடுத்தது, பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடுன சூசன் ஆண்டனி 1872ல ஓட்டு போட்டு கைதானது எல்லாம் ஒவ்வொரு வரி போதும். 1920 ஆகஸ்ட்ல டென்னஸி, தேவைப்பட்ட 36வது மாநிலமா ஒத்துக்கிட்டதும் 19வது திருத்தம் பாஸ், சரி. ஆனா "உரிமை குடுத்தாங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க. 19வது திருத்தமே பாலினத்த காரணம் காட்டி ஓட்டுரிமைய மறுக்கக்கூடாதுன்னுதான் சொல்லுது, தகுதிய முடிவு பண்ற வேலை அதுக்கப்புறமும் மாநிலங்ககிட்டதான் இருந்துச்சு. தெற்குல கறுப்பினப் பெண்கள் ஓட்டு போட கட்டவேண்டிய வரி, எழுத்தறிவு டெஸ்ட்டுன்னு 1965ல வாக்குரிமைச் சட்டம் வர்ற வரைக்கும் அலைஞ்சது இதனாலதான்.