அம்பது பவுனா, அம்பது பவுண்டா?

பரீட்சையில் பேரன் பாஸ் பண்ணியதற்காக லண்டன் மாமா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "50 பவுண்டு போடறேன்டா." அதைப் பையன் ஸ்பீக்கரில் போட்டதுதான் வினை. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் சுவருக்கும் காது உண்டு. ஆயாவுக்கு ரெண்டு மடங்கு.

"இன்னாடா சொல்றான்? அம்பது பவுனா?"

"பவுன் இல்ல ஆயா, பவுண்டு. லண்டன் காசு."

"அதான்டா நானும் சொல்றேன். பவுன் காசு."

ஆயா சொன்னதில் தப்பே இல்லை. நம் பவுன் அந்தப் பவுண்டின் பிள்ளைதான், சவரனும் சாவரினின் பிள்ளைதான். 1817 முதல் பிரிட்டன் அச்சடித்த சாவரின் என்ற தங்கக் காசின் முகமதிப்பு ஒரு பவுண்டு. 22 காரட், 7.988 கிராம். நம் நகைக்கடைகள் அதை முழுசாக 8 கிராம் ஆக்கிக்கொண்டன.

அதற்குள் ஆயா, சேட்டுக் கடையில் கிடக்கும் வளையலை மீட்டு, பேத்தி கல்யாணத்துக்கு இருபது பவுன் ஒதுக்கி, மிச்சத்துக்கு வீட்டில் மாடியும் எடுத்துவிட்டாள். பையன் போனில் கணக்குப் போட்டுக் காட்டினான்: அனுப்பும் கூலி போக ஐயாயிரத்துச் சொச்சம். இன்றைய விலையில் ஒரு கிராம்கூடத் தேறாது.

"மூக்குத்திக்கே பத்தாதே. எட்டு கிராமுக்கும் காகிதத்துக்கும் ஒரே பேரை எவன்டா வெச்சான்?"

ஆதியில் அது எடையின் பேர்தான். ஒரு பவுண்டு வெள்ளியில் 240 பென்னி அடித்தார்கள். அந்த 240 காசுக்கும் பவுண்டு என்றே பேர் நின்றுவிட்டது. 1971 பிப்ரவரி 15-ல்தான் அதை 100 பென்ஸாக மாற்றினார்கள். பணத்துக்குப் போடும் குறுக்குக்கோடு போட்ட எல், எடைக்குப் போடும் எல்பி, ரெண்டுமே லிப்ரா என்ற லத்தீன் சொல்லின் மிச்சம். தராசுக்கும் எடைக்கும் அங்கே அந்த ஒரே சொல். இங்கே துலாமும் அப்படித்தான்: தராசும் அதுவே, 100 பலமும் அதுவே, ஆயாவின் ராசியும் அதுவே.

எல்பி என்றதும் பையன் முகம் மாறியது. அவன் தம்பிள்ஸில் 10 எல்பி என்று பொறித்திருக்கிறது. ஆறு மாசமாகப் பத்து கிலோ தூக்குவதாகச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். கணக்குப்படி நாலரை கிலோ.

"பவுண்டுன்னா 400 கிராம்மா, கூட்டிக் கழிச்சா உங்க அம்பது பவுனும் அதான்," என்றார் எதிர் டீக்கடைக்காரர், கையில் பவுண்டு ரொட்டியோடு. ஐம்பது எட்டு நானூறு, சரிதான். ஆனால் ரொட்டிப் பாக்கெட்டில்தான் பவுண்டு அப்படி இளைத்துவிட்டது. முழுப் பவுண்டு 453.59 கிராம், நம் கணக்கில் 56 பவுனுக்கு மேலேயே வரும். அந்தக் காலத்தில் தங்கத்தை நிறுத்த டிராய் பவுண்டோ தனி ஜாதி. அதில் 16 அவுன்ஸ் கிடையாது, 12 தான், 373.24 கிராம். ஒரு பவுண்டு பஞ்சு ஒரு பவுண்டு தங்கத்தைவிடக் கனம் என்றால் நம்ப மாட்டார்கள், தராசு நம்பும்.

ஆயாவுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. எந்தக் கடையில் எத்தனை பவுன் என்று வாயால் சொன்னாலும், "பில்லுல கிராம் காட்டு, கல்லுக்கு எவ்ளோ கழிச்சே, சேதாரம் எவ்ளோ போட்டே" என்றுதான் கேட்பாள். ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்வாள். கல் எடையைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சந்தே அறியும்.

சமாதானமாக இருக்கட்டுமே என்று பையன் கடைசியாக ஒன்றைப் படித்துக் காட்டினான்: சாவரின் காசு பிரிட்டனில் இன்றைக்கும் செல்லும், சட்டப்படி அதன் மதிப்பு ஒரே ஒரு பவுண்டுதான்.

ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ உங்க மாமனுக்கு போனப் போடு. நோட்டு வேணாம், காசாவே அனுப்பச் சொல்லு."