தோட்டப் பாடசாலையில் புதிதாக ஒரு பொதுக் கணிப்பீடு

தரம் 4 பிள்ளைகளுக்குக் கல்வி வலயம் முழுவதும் ஒரே வினாத்தாளில் ஒரு கணிப்பீட்டைத் தொடங்கப்போகிறோம் என்றதும் இலங்கையின் மலையகத்தில் எழும் முதல் கேள்வி, "இது ஸ்கொலர்ஷிப்புக்கு மொடலா சேர்?" என்பதுதான். இதற்குச் சுற்றுநிருபத்தில் ஒரு வரி பதில் போதாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கிறது. வெட்டுப்புள்ளி வைத்து உதவிப்பணமும் பெரிய பாடசாலை அனுமதியும் தருகிறது. கணிப்பீடு யாரையும் தெரிந்தெடுப்பதில்லை. எந்தத் தேர்ச்சி, அதாவது பிள்ளைக்குக் கைவர வேண்டிய எந்தத் திறன், எந்த வகுப்பில் விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும் காட்டுகிறது. இரண்டும் கலந்துவிட்டால் அடுத்த வருடமே டியூஷன் கடைகளில் அதற்கும் ஒரு வழிகாட்டிப் புத்தகம் தொங்கும். பாடசாலைகளை வரிசைப்படுத்துவதில்லை, முன்னேற்ற அறிக்கையில் புள்ளி ஏற்றுவதில்லை என்ற இரண்டு முடிவுகளையும் வினா எழுதத் தொடங்குமுன்பே அதிபர் கூட்டத்தில் அறிவித்துவிட வேண்டும்.

தேசிய மட்டத்தில் இப்படியான மதிப்பீடு புதிதல்ல. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2003இலேயே தரம் 4 மாணவரின் அடைவை முதன்மொழி, கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் அளந்தது. ஆனால் அது மாதிரியெடுத்த பாடசாலைகளில் மட்டும் நடப்பது. பொகவந்தலாவையில் இருக்கும் ஒரு வகை 3 பாடசாலையின், அதாவது ஆரம்ப வகுப்புகளுக்கான சிறு பாடசாலையின், ஆசிரியைக்கு, தன் வகுப்பில் யார் எங்கே நிற்கிறார் என்று அது சொல்லாது. வலயக் கணிப்பீடு நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

கணிதத்துக்கு 30 வினா, 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேர்ச்சிக்கு ஒரு வினா போதாது. நான்கு தெரிவுள்ள வினாவில் கண்ணை மூடிக்கொண்டு கோடிட்டாலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று வினாவும் அப்படியே சரியாக அமைய 64இல் ஒரு வாய்ப்புத்தான். ஆகவே தேர்ச்சிக்கு மூன்று வினா, மொத்தம் பத்துத் தேர்ச்சி. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

தவறான தெரிவுகளை எழுதுவதில்தான் கணிப்பீட்டின் உயிர் இருக்கிறது. ஒரு வினா: "அம்மா காலையில் 6 கிலோ 500 கிராம் கொழுந்தும், மாலையில் 5 கிலோ 750 கிராம் கொழுந்தும் எடுத்தார். மொத்தம் எவ்வளவு?" விடை 12 கிலோ 250 கிராம். 11 கிலோ 250 கிராம் என்ற தெரிவை எடுத்த பிள்ளை கிராமைக் கிலோவாக மாற்றத் தெரிந்தும், வந்த ஒன்றைக் கிலோவோடு கூட்ட மறந்திருக்கிறது. 11 கிலோ 1250 கிராமை எடுத்த பிள்ளைக்கு அந்த மாற்றமே தெரியாது. 750 கிராமை எடுத்த பிள்ளை, கூட்டலா கழித்தலா என்று வாசித்து அறியவில்லை. மூவரும் பிழைதான் விட்டார்கள், ஆனால் மூவருக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு. சும்மா ஒரு எண்ணை நான்காவது தெரிவாகப் போட்டு நிரப்பினால் இந்தத் தகவல் அத்தனையும் வீண்.

ஊர்ச் சூழலிலிருந்து எடுத்த வினா என்றாலே பிள்ளைக்கு இலகு என்று நம்பிவிடவும் கூடாது. தராசில் கூடைக்கும் ஈரத்துக்கும் நிறை கழிப்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, மேலே சொன்ன வினாவில் அதையும் கழித்துவிட்டு விடை தேட இடமுண்டு. அதைக் கண்டுபிடிக்க, தாளைச் சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் முன்னோடிப் பரீட்சை ஒன்றே வழி.

முன்னோடிப் பரீட்சைக்கு ஏறக்குறைய 200 பிள்ளைகள் வேண்டும். ஹட்டன் வலயம் என்றால் நகரப் பாடசாலை ஒன்றோடு மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளும் சேர வேண்டும். தாள்களைப் புள்ளி வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 சதவீதமும் கீழிருந்து 27 சதவீதமும், அதாவது 54 தாள் வீதம் எடுக்க வேண்டும். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 40 பேரும் கீழ்க் குழுவில் 14 பேரும் சரியாக விடையளித்தால், வசதிச் சுட்டி, அதாவது சரியாக விடையளித்தோரின் பங்கு, 54/108 = 0.50. இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசமான 26ஐ 54ஆல் வகுத்தால் 0.48 வரும்; வினா இரண்டு குழுவையும் எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதை இது சொல்லும். நல்ல வினா. இந்த இரண்டாவது எண் 0.2க்குக் கீழே போனால் வினாவை எடுத்துவிடுவதே நல்லது. கெட்டித்தனமான பிள்ளைகளே அதிகம் பிழைவிடும் வினா என்றால், பெரும்பாலும் விடைக் குறிப்பே பிழையாக இருக்கும்.

அச்சிலும் கோளாறு வரும். படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டோகொப்பி எடுத்தால், நிழற்றிய பின்னமும் நிழற்றாத பின்னமும் ஒரே கறுப்பாகிவிடும். மூலப்பிரதியிலிருந்தே நேரடியாக அச்சிட வேண்டும். தரம் 4க்குத் தனி விடைத்தாள் வேண்டாம். தெரிவை வினாத்தாளிலேயே கோடிடச் சொன்னால், வரிசை மாறிக் குறித்துப் புள்ளி இழப்பது நிற்கும்.

திகதி குறிப்பதில் மலைநாட்டுக்குத் தனிக் கணக்கு உண்டு. மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை இறுகும் ஜூன், ஜூலையில் தகரக் கூரையின் கீழ் ஆசிரியர் வாசிப்பது பின்வாங்குக்குக் கேட்காது. சொல்வதெழுதல், கேட்டு விடையளித்தல் போன்ற பகுதிகளை அந்த மாதங்களில் வைப்பது அநியாயம். மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் பிள்ளைகள் இரவில் கண்விழித்திருப்பார்கள். தோட்டக் கோயில் திருவிழா நாட்களை அதிபர்களிடம் முன்னரே கேட்டு வாங்க வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனிலிருந்து நடந்துவரும் பிள்ளை நனைந்து வந்து சேர்ந்து, தலை துவட்டி உட்கார வேண்டுமே! 7.30க்குப் பாடசாலை தொடங்கினாலும் கணிப்பீட்டை 9 மணிக்கு வைப்பது அதற்காகத்தான். தடுப்பில்லாத ஒற்றை மண்டபத்தில் ஐந்து தரமும் இருக்கும் பாடசாலையில், மற்ற வகுப்புகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எழுத்து வேலை கொடுத்தால் சத்தம் அடங்கும்.

2024 செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதைப் பெற்றார் மறக்கவில்லை. கணிப்பீட்டுப் பொதியும் முத்திரையிட்டே போக வேண்டும், அன்று காலை இரண்டு ஆசிரியர் முன்னிலையில்தான் திறக்க வேண்டும்.

திருத்தும்போது சொந்த வகுப்பாசிரியர் கையில் தாள் போகாமல் பாடசாலைகளை மாற்றிக் கொடுப்பது நல்லது. முதலில் எல்லோரும் ஒரே பத்துத் தாளைத் திருத்தி ஒப்பிட வேண்டும். மொழித் தாளில் இது மிக அவசியம். ல, ள, ழ மாறினால் எவ்வளவு வெட்டுவது? "அம்மா மலைக்கி போறாங்க" என்று வீட்டில் பேசுவதுபோல் எழுதினால் கருத்துக்குப் புள்ளி உண்டா? உண்டு என்பதே சரி. கருத்துக்குத் தனிப் புள்ளி, எழுத்துக்குத் தனிப் புள்ளி என்று திட்டத்திலேயே பிரித்துவிட்டால் ஒருவர் பூச்சியம் போட்ட விடைக்கு இன்னொருவர் முழுப்புள்ளி போடுவது நிற்கும்.

மெல்லக் கற்கும் பிள்ளைகளை அன்றைக்கு வீட்டில் நிற்கச் சொல்லும் பழக்கம் எங்கே தலைகாட்டினாலும் அடக்க வேண்டும். வரவுப் பதிவேட்டையும் தாள் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, வராதவர்களுக்கு அதே வாரத்தில் இன்னொரு நாள் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையே 8 சதவீதத்துக்கு மேல். அங்கே சராசரியைப் பேசுவதில் பயனில்லை, பெயர்ப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

பெறுபேறு மூன்று வாரத்துக்குள் ஆசிரியர் கைக்கு வர வேண்டும். தவணை முடிந்து வந்தால் அலுமாரிக்குத்தான் போகும். பிள்ளையின் பெயர் இடதுபுறம், பத்துத் தேர்ச்சி மேலே, மூன்றில் இரண்டு சரியென்றால் அடையாளம்: ஒரே தாளில் வகுப்பு முழுவதும் தெரியும். அதை வைத்து, விடுபட்டதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் பரிகாரக் கற்பித்தலுக்குக் குழு பிரிக்கலாம். பெற்றாருக்கு விளக்கும் கூட்டத்தை மலையில் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பிறகோ ஞாயிறன்றோ வைத்தால்தான் தாய்மார் வருவார்கள். அடுத்த தவணைத் தாளில் பழைய 30 வினாவில் 8ஐ மாற்றாமல் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி கூடியது பிள்ளை முன்னேறியதாலா, தாள் இலகுவானதாலா என்று ஆசிரிய ஆலோசகருக்கே சொல்ல முடியாது. அந்த எட்டு வினாவுக்காகத்தான் முதல் முறை எழுதிய தாள்களைப் பாடசாலையில் விடாமல் எண்ணிக் கட்டி வலயத்துக்குத் திருப்பி எடுக்கிறோம்.